பெரியகடை முதல் ஐந்து சந்தி வரை

ஓர் ஊரின் பெருமையை அறிய விரும்புவோர் அதன் கோயில்களையும் கல்லூரிகளையும் நூல்நிலையத்தையும் போய்ப் பார்ப்பர். அதன் உள்ளத்தை அறிய விரும்புவோர்க்கு அத்துணை அலைச்சல் வேண்டியதில்லை. அவ்வூர்ச் சாப்பாட்டுக் கடை ஒன்றிற் புகுந்து, ஒரு மூலையில் அமர்ந்து, கையிலுள்ள தேநீர் ஆறும்வரை சுற்றிலும் பார்த்தாற் போதும். யார் யாரோடு இருந்து உண்கின்றார், யார் வாயிலில் நிற்கின்றார், உண்ட இலையை யார் எடுக்கின்றார் என்னும் மூன்றையும் கண்டவர், அவ்வூரைப் பெரும்பாலும் அறிந்தவராவர்.

இவ்வுண்மையை நாம் நூல்களிலிருந்து கற்கவில்லை. சென்ற ஆடி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், எம்மிடம் உயர்தர வகுப்பிற் பயிலும் மாணவர் நால்வருடன் யாழ் நகரத்திலே சிறிது தூரம் நடந்தபோது கற்றோம். கல்லூரி மலருக்காக "எமது நகரத்துச் சாப்பாட்டுக் கடைகள்" என்றொரு கட்டுரை எழுத அவர்கள் விரும்பினர். இருவர் ஆண்பிள்ளைகள், இருவர் பெண்பிள்ளைகள். கடைகளின் பெயரையும், கிடைக்கும் பண்டங்களையும், விலைகளையும் நிரல்படுத்துவதற்கென்று கோடிட்ட அப்பியாசக் கொப்பி ஒன்றையும் கொண்டுவந்திருந்தனர். "பெயரும் விலையும் ஆறு மாதத்தில் மாறிவிடும். எளிதில் மாறாத ஒன்றையும் தேடிக் குறித்துக்கொள்ளுங்கள்" என்றோம். அந்த ஒன்று யாதென்பது அப்போது எமக்கே தெளிவாகத் தெரியாது.

இலையும் மேசையும்

பெரியகடையிலிருந்து புறப்பட்டோம். யாழ்ப்பாணத்தின் பழைய கடைத்தெரு இது. பஸ் நிலையமும், போதனா வைத்தியசாலையும், நகைக் கடைகள் நிறைந்த கஸ்தூரியார் வீதியும் அண்மையிலே இருத்தலால், கிராமங்களிலிருந்து நகருக்கு வருவோர் எவராயினும் இங்கு ஒருவேளையேனும் பசியாற நேரும்.

முதலில் மலாயன் கபேயினுட் சென்றோம். பளிங்குக்கல் மேசைகளும் நீண்ட கண்ணாடி அலுமாரிகளும் கொண்ட பழைய சைவ உணவகம் அது. "சேர், மலாயாவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் என்ன தொடர்பு?" என்று ஒரு மாணவர் வினவினார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி தொடக்கம் எம்மவர் பலர் கப்பலேறிச் சென்று மலாயாவின் புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் எழுதுவினைஞராயும் நிலைய அதிபராயும் வேலை பார்த்ததனையும், அங்கிருந்து வந்த பணத்தினாலும் ஓய்வூதியத்தினாலும் இங்கு எத்தனையோ கல்வீடுகள் எழுந்ததனையும் எடுத்துச் சொன்னோம். ஒரு கடையின் பெயர்ப்பலகை சரித்திர பாடமாகவும் உதவும்.

வாழையிலையில் தோசையும், சம்பலும், உழுந்து வடையும் வந்தன. உண்டு முடித்தவர் தம் இலையைத் தாமே மடித்து எடுத்துச் சென்று, கை கழுவும் இடத்திலுள்ள துவாரத்திலே இட்டுவிடுதல் அக்கடை வழக்கம். மாணவர்க்கு இது வேடிக்கையாயிருந்தது. எமக்கோ அது வேடிக்கையாகத் தோன்றவில்லை. எச்சில் இலையை எடுப்பது இன்னார்க்கே உரியது என்று பிறப்பினால் விதித்து வைத்திருந்த சமூகம் எம்முடையது. அத்தகைய ஊரிலே, வியாபாரியும் வழக்கறிஞரும் மூட்டை சுமப்பவரும் தத்தம் இலையைத் தாமே கையில் ஏந்திக்கொண்டு ஒரே துவாரத்தை நோக்கி வரிசையிற் செல்வது சிறிய காரியமன்று.

பாணும் வாங்கும்

அடுத்து, கஸ்தூரியார் வீதியோரத்திலே ஒரு தேநீர்க் கடைக்குச் சென்றோம். வெதுப்பகத்துப் பண்டங்களும் அங்குண்டு. பணிஸ், றோல்ஸ், பற்றிஸ் முதலியவற்றை ஒரு தட்டு நிறையக் கொணர்ந்து மேசை நடுவில் வைப்பர். நாம் உண்டதை நாமே எண்ணிச் சொல்ல, அதற்கு மட்டும் காசு வாங்குவர். இம்முறையை மேனாட்டார் காணின் வியப்பர். ஒவ்வொரு நாளும் அறிமுகமற்ற நூறு பேரின் நாணயத்தை நம்பியே இக்கடைகள் நடைபெறுகின்றன.

தமிழ் கற்பிப்போர்க்குச் சாப்பாட்டுக் கடையிலும் பாடம் கிடைக்கும். "இங்கே உள்ள பொருள்களுள் எவற்றின் பெயர் போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்தது?" என்று கேட்டோம். மேசை, கதிரை, அலுமாரி, வாங்கு, பாண் என்று நாமே விரல்விட்டு எண்ணிக் காட்டியபோது பிள்ளைகள் திகைத்தனர். 1619ஆம் ஆண்டு யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றியவர் சென்று பல நூற்றாண்டுகளாகியும், அவர்தம் சொற்கள் எம்முடைய தேநீர்க் கடைகளிலே குடியிருக்கின்றன.

சொல்லோடு பொருளும் வந்தது என்பதைக் கவனித்தல் வேண்டும். முன்னாளில் எம்மவர் பாயிலும் பலகையிலும் தரையிலும் இருந்து உண்டனர். யார் உள்ளே, யார் திண்ணையில், யார் முற்றத்தில் என்பது யாவர்க்கும் தெரிந்த சட்டமாயிருந்தது. நீண்ட வாங்குக்கு அச்சட்டம் தெரியாது. ஒரு முனையில் ஒருவர் இருந்தால் மறுமுனையில் வேறொருவர் வந்து இருக்கலாம். இருவர்க்கும் உயரம் ஒன்றே. இதனாலேதான் யாழ்ப்பாணத்திலே இந்த வாங்கின் பொருட்டுப் பெருஞ் சச்சரவுகள் மூண்டன. 1920களின் பிற்பகுதியிலே, அரசினரின் உதவி பெறும் பள்ளிகளிற் பிள்ளைகள் யாவரும் சமமாக இருந்து கற்க வேண்டும், சமமாக இருந்து உண்ண வேண்டும் என்ற முயற்சி எழுந்தது. "சம ஆசனம், சம போசனம்" என்பது அக்காலத்து முழக்கம். தம் பிள்ளையின் அருகே இன்னொருவர் பிள்ளை அமர்வதைச் சகியாதோர் அதனை எதிர்த்தனர். சில பள்ளிக்கூடங்கள் தீக்கிரையாயின. இது பள்ளிக்கூடத்து வாங்கின் கதை. தேநீர்க் கடை வாங்கின் கதையை அன்று மாலையே ஒருவர் வாயிலாகக் கேட்கப் போகின்றோம் என்று நாம் எண்ணவில்லை.

இவ்வீதியைப் பற்றி இன்னுமொன்று சொல்லுதல் வேண்டும். இங்கே சவரத் தொழில் செய்துகொண்டே எழுத்தாளரானவர் டொமினிக் ஜீவா. அவருடைய "தண்ணீரும் கண்ணீரும்" சாகித்திய மண்டலப் பரிசு பெற்றது. 1966ஆம் ஆண்டில் அவர் தொடங்கிய "மல்லிகை" பல்லாண்டுகள் வெளிவந்தது. பட்டதாரிகள் பலர் சாதிக்காத காரியத்தை ஒரு சவரக் கடைக் கதிரையின் பக்கத்தில் நின்றவர் சாதித்தார் என்று மாணவர்க்குக் கூறினோம். கொப்பியில் அது விலைப்பட்டியலின் நடுவே எழுதப்பட்டது.

வேறு சட்டி

பின்னர் ஐந்து சந்திப் பக்கமாக நடந்தோம். சோனகதெருவும் அதனைச் சார்ந்த இடங்களும் யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவந்த பகுதி. நாம் சென்றது பகற்போசன வேளை. ஒரு கடையிலிருந்து புரியாணியின் வாசனை வீதியின் பாதிவரை வந்து எம்மை எதிர்கொண்டது. மாணவர் இருவர் அதனை உண்டனர். அன்று சைவமாயிருந்த ஏனையோரும் நாமும் இஞ்சித் தேநீர் அருந்தினோம். விருந்துகளிலே "சஹன்" என்னும் பெரிய தட்டு ஒன்றைச் சுற்றி ஆறு பேர் அமர்ந்து, ஒரே சோற்றை ஒன்றாக உண்ணும் வழக்கம் முஸ்லிம் மக்களிடம் உண்டென்று கடைக்காரர் பிள்ளைகளுக்கு விளக்கினார். "பணக்காரர், ஏழை எண்டு அந்தத் தட்டுக்குத் தெரியாது மகள்" என்றார் அவர்.

அந்த இஞ்சித் தேநீர் எமக்கு ஒரு பழைய நாளை நினைவூட்டிற்று. எம் தந்தையார் மரக்கறி உணவினர். ஆயினும் வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் இப்பகுதிக் கடை ஒன்றிலே தேநீர் அருந்துவது அவர் வழக்கம். எமக்கு எட்டு வயதிருக்கும்போது எம்மையும் ஒருநாள் சைக்கிளில் வைத்துக் கூட்டிச் சென்றார். கடை முதலாளி எமக்குப் பால் காய்ச்சித் தந்தார். தயங்கிய எம்மைப் பார்த்து, "இது வேறு சட்டி தம்பி. இதிலே இறைச்சி ஒருநாளும் படவில்லை. பயப்படாமற் குடியும்" என்றார். தம்மிடம் வரும் சைவர்க்கென்றே அவர் ஒரு சட்டியைத் தனியே வைத்திருந்தார்.

1990ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி, யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்கள் யாவரும் நகரை விட்டு வெளியேறுமாறு விடுதலைப் புலிகளாற் பணிக்கப்பட்டனர். கொடுக்கப்பட்ட அவகாசம் ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம். வடமாகாணம் முழுவதிலுமிருந்து அவ்வாறு வெளியேற்றப்பட்டோர் எழுபதினாயிரத்துக்கும் மேற்பட்டவர். சில நாள்களின் பின் தந்தையார் அவ்வழியே சென்றார். கடைக் கதவு திறந்து கிடந்ததாம், உள்ளே ஒன்றுமில்லையாம். அன்றிரவு அவர் உண்ணவில்லை என்பதே எமக்குத் தெரியும். அயலவர் சென்றபோது எம்மூரிலே வாய் திறந்து பேசியோர் மிகச் சிலர். சரியாக ஐந்து ஆண்டுகளின் பின், 1995ஆம் ஆண்டு அதே ஒக்டோபர் 30ஆந் திகதி, வலிகாமத்துத் தமிழ் மக்களும் தலையிற் சுமந்த மூட்டைகளோடு வீடுகளை விட்டுப் புறப்பட்டனர். அந்த மழையில் நடந்த பல்லாயிரவருள் நாமும் ஒருவரானோம். அப்போதுதான் அந்த வேறு சட்டியின் நினைவு எமக்கு வந்தது.

போர் 2009இல் முடிந்தபின் முஸ்லிம் குடும்பங்கள் சில மீண்டுள்ளன. போனவர் தொகைக்கு மீண்டவர் தொகை ஈடாகாது. தந்தையார் தேநீர் அருந்திய கடை இருந்த இடத்தில் வேறொரு கட்டடம் நிற்கின்றது.

புதிய கடைகள்

வெயில் சற்றுத் தணிந்தபோது ஆஸ்பத்திரி வீதிக்குத் திரும்பினோம். அங்கே நகரத்தின் புதுமுகத்தைக் காணலாம். 2013ஆம் ஆண்டில் கார்கில்ஸ் சதுக்கம் திறக்கப்பட்ட பின்னர், பொரித்த கோழியும் படமாளிகையும் குளிரூட்டிய காற்றும் ஒரே கூரையின் கீழ் வந்தன. அதனைத் தொடர்ந்து கோப்பிச் சாலைகளும் பல தோன்றியுள்ளன. இயந்திரத்தில் வடித்த கோப்பியை முன்னே வைத்துக்கொண்டு இளைஞரும் யுவதிகளும் மணிக்கணக்கில் உரையாடுகின்றனர். ஒரு கோப்பைக் கோப்பியின் விலைக்குப் பெரியகடையில் இருவர் வயிறார உண்ணலாம். ஆகவே இங்கும் வாயிலில் நிற்போர் உளர். முன்பு பிறப்பு நிறுத்தியது. இப்போது சட்டைப்பை நிறுத்துகின்றது.

ஆயினும் இப்புதிய கடைகளை நாம் இகழ மாட்டோம். அதற்குக் காரணம் எம்முடன் வந்த மாணவி ஒருவர். "சேர், எங்கட அம்மா இந்த வயசுவரைக்கும் தனியே ஒரு கடைக்குள்ளே போய் இருந்து தேத்தண்ணி குடிச்சதில்லையாம்" என்றார் அவர். நாம் சிந்தித்துப் பார்த்தோம். எம் தாயாரும் குடித்ததில்லை. எமது இளமையிற் பெண்கள் கடைக்கு வருவது குடும்பத்தோடு மட்டுமே. வந்தாலும், திரைச்சீலை தொங்கும் உள்ளறையிலே அவர்களை இருத்துவர். இன்று அந்தப் பெண்பிள்ளைகள் இருவரும் திரைக்கு வெளியே, வீதியைப் பார்த்த மேசையில் இருந்து, கொப்பியை விரித்து எழுதிக்கொண்டிருந்தனர். எவரும் அவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. திருநெல்வேலிப் பக்கத்திலே பெண்களே சமைத்துப் பெண்களே பரிமாறும் "அம்மாச்சி" உணவகத்தில் குரக்கன் பிட்டும் இலைக்கஞ்சியும் உண்பதற்கு ஆண்கள் வரிசையில் நிற்பதையும் நாம் கண்டிருக்கின்றோம். மாற்றம் வராமலில்லை.

உணவகம் ஒன்றின் பட்டியலிலே எமது ஒடியற் கூழும் இடம்பெற்றிருந்தது. ஒடியல் மாவிலே நண்டும், இறாலும், மீனும், பயிற்றங்காயும், பலாக்கொட்டையும், முருங்கையிலையும், புளியும் செத்தல் மிளகாயும் சேர்த்துக் காய்ச்சுவது கூழ். முன்பு அதனை விற்றாரில்லை. நிலவு நாளிலே முற்றத்தில் ஒரு பெரிய பானையைச் சுற்றி வீட்டாரும் அயலாரும் குந்தியிருந்து, பனையோலையிற் கோலிய பிளாவில் வாங்கிக் குடித்தனர். இன்று வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் எம்மவர், பீங்கான் கோப்பையில் அதனை விலை கொடுத்துக் குடித்துவிட்டுக் கண் கலங்குகின்றனர். உறைப்பினாலா, நினைவினாலா என்பதை அவர்களே அறிவர்.

இருந்து குடித்தவர்

மாலை நான்கு மணியளவில், வைத்தியசாலைக்கு அண்மையிலுள்ள சிறு தேநீர்க் கடை ஒன்றிற் களைப்பாற அமர்ந்தோம். 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் எரிவாயு கிடைக்காதபோது விறகடுப்புக்கு மாறிய கடை அது. அப்புகையின் கருமை சுவரில் இன்னும் இருக்கின்றது. கடை நிறைந்திருந்தது. அவ்வேளை எமது ஊரைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் கிளினிக் கொப்பியும் கையுமாக வாயிலில் வந்து நின்றார். எண்பது வயதைக் கடந்தவர். அவர் குடும்பத்தார் எம் பாட்டனாரின் தோட்டக் காணியிலே கூலி வேலை செய்தவர்கள். பாட்டனார் அவரைப் பெயர் சொல்லி அழைத்தார். தந்தையாரும் அவ்வாறே அழைத்தார். நாம் ஐயா என்று அழைப்போம்.

"வாருங்கோ ஐயா, தேத்தண்ணி குடிப்பம்" என்றோம். இருக்க இடமில்லை என்பதைக் கண்ட கடைப் பையன், அவர் நின்ற இடத்துக்கே தேநீரைக் கொண்டு சென்று நீட்டினான். அவர் வாங்கவில்லை.

"இடம் வரட்டும் தம்பி. நான் நிண்டு தேத்தண்ணி குடிக்கிறேல்லை" என்றார்.

மாணவர் ஒருவர் எழுந்து தம் இடத்தைக் கொடுத்தார். பெரியவர் அமர்ந்து, தேநீரை நிதானமாக அருந்தினார். "ஏன் ஐயா நின்று குடிப்பதில்லை?" என்று அந்தப் பிள்ளை வினவியபோது, அவர் எம் முகத்தை ஒருமுறை பார்த்தார். "சொல்லலாமோ?" என்பது போல இருந்தது அப்பார்வை. "சொல்லுங்கோ ஐயா" என்றோம்.

அவர் சொன்னவற்றின் பின்னணியை இளையோர்க்காக இங்கே கூறுதல் நன்று. யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகள் பலவற்றிலே தாழ்த்தப்பட்டோர் எனப்பட்ட மக்கள் உள்ளே வரலாகாது, வந்தாலும் இருக்கலாகாது. அவர்களுக்கென்று சிரட்டையோ தகரப் பேணியோ போத்தலோ வெளியே வைக்கப்பட்டிருக்கும். சிறுபான்மைத் தமிழர் மகாசபை போன்ற அமைப்புகள் 1950களில் தேநீர்க் கடைகளுக்குள் நுழையும் உரிமைக்காக முயன்றன. 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம், சாதி காரணமாக ஒருவரைக் கடையிலோ உணவகத்திலோ சேர்க்க மறுப்பதைக் குற்றமாக்கிற்று. சட்டம் கொழும்பிலிருந்து விரைவில் வந்துவிட்டது. கிராமத்துக் கடைக்குள் நுழைய அதற்கு நெடுங்காலம் எடுத்தது. 1966ஆம் ஆண்டு ஒக்டோபர் 21ஆந் திகதி சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலத்தின் பின்னரே தீண்டாமைக்கு எதிரான இயக்கம் ஊர்தோறும் வலுப்பெற்றது. சங்கானையிலும் நெல்லியடியிலும் பிற இடங்களிலும் தேநீர்க் கடைகளின் பொருட்டுப் போராட்டங்கள் நிகழ்ந்தன. உயிர்களும் பலியாயின. கே. டானியலின் "பஞ்சமர்" என்னும் நாவல் அக்காலத்தை எழுத்தில் வைத்துள்ளது.

பெரியவர் சொன்னது எம் பாட்டனாரின் கடையைப் பற்றி. ஆம், பாட்டனார் எம்மூரில் ஒரு தேநீர்க் கடை வைத்திருந்தார். அந்த ஊர்வலம் நடந்து சில கிழமைகளின் பின், இளைஞராயிருந்த இவரும் நண்பர் மூவரும் அக்கடைக்குட் சென்று வாங்கில் அமர்ந்தனர். பாட்டனார் ஏசவுமில்லை, அடிக்கவுமில்லை. "பால் முடிஞ்சுது" என்றார். மறுநாளும் சென்றனர். "அடுப்பு மூட்டேல்லை" என்றார். மூன்றாம் நாள் சென்றபோது, கடையிலே வாங்கு இல்லை.

"அண்டைக்குத் தேத்தண்ணி தந்தவர் தம்பி. எல்லாருக்கும் குடுக்கிற கிளாசிலைதான் தந்தவர். சட்டத்துக்குப் பிழை இல்லை. ஆனால் வாங்கைக் கழட்டிக்கொண்டு போட்டார். எங்களை இருத்தக் கூடாதெண்டு ஊரையெல்லாம் நிப்பாட்டிப் போட்டார்" என்று சொல்லிப் பெரியவர் சிரித்தார். "அண்டு தொடக்கம் நான் நிண்டு குடிக்கிறேல்லை."

மாணவர் சிரிக்கவில்லை. நாமும் சிரிக்கவில்லை. எமக்கு அந்த வாங்கு தெரியும்.

பாலை மரத்திற் செய்த, நான்கு பேர் தாராளமாக இருக்கக்கூடிய நீண்ட வாங்கு அது. எமக்கு நினைவு தெரிந்த நாள் முதல் எமது வீட்டு விறாந்தையிலே கிடக்கின்றது. அதன்மேல் இருந்துதான் நாம் அரிச்சுவடி படித்தோம். பாட்டனார் கடையில் ஏன் இருக்கைகள் இல்லை என்று சிறு வயதில் ஒருமுறை கேட்டதுண்டு. "கடை சின்னன், இடம் காணாது" என்றனர். அதனை நாம் நாற்பது ஆண்டுகளாக நம்பியிருந்தோம். 1996இல் இடம்பெயர்விலிருந்து வீடு மீண்டபோது கதவுகளும் யன்னல்களும் போயிருந்தன. தூக்க முடியாத பாரமாதலால் அந்த வாங்கு மட்டும் போகவில்லை. அதனைக் கண்டு நாம் அன்று மகிழ்ச்சியடைந்தோம்.

"வாங்கு இன்னும் கிடக்கோ தம்பி?" என்று பெரியவர் கேட்டார்.

"கிடக்கு ஐயா."

"நல்ல பாலை மரம். நாங்கள் இரண்டு நாளும் சேர்த்து அரை மணித்தியாலம் அதிலை இருந்திருக்க மாட்டம்" என்றார் அவர்.

எஞ்சிய கணக்கு

எம் பாட்டனார் கொடியவரல்லர். பஞ்ச காலத்தில் நெல் கொடுத்தவர். பிறர் பிள்ளைகளின் படிப்புக்குப் பணம் கட்டியவர். எம்மைத் தோளில் ஏற்றிச் சென்று நல்லூர்த் தேர் காட்டியவர். தீயவர் செய்த தீமையைக் கண்டிப்பது எளிது. எம்மிடம் அன்பு வைத்திருந்தவர் செய்த தீமையைத் தீமை என்று சொல்லுவதே கடினம். ஆயினும் சொல்லத்தான் வேண்டும். ஐந்து சந்தியிலே ஒருவர் எம்மை மதித்து எமக்கென வேறு சட்டி வைத்திருந்தார். எம் பாட்டனாரின் கடை வாயிலில் அயலவரை அவமதித்து அவர்களுக்கென வேறு பேணி தொங்கிற்று. இரண்டும் வேறு பாத்திரங்களே. இரண்டிற்கும் இடையேயுள்ள தூரத்தைப் பிள்ளைகள் அன்று ஒரே நாளில் நடந்து கடந்துவிட்டனர். நாம் அதனைக் கடக்க இத்தனை ஆண்டுகள் சென்றன.

இன்று யாழ் நகரத்து எந்தக் கடையிலும் எவரும் இருந்து உண்ணலாம். இது தானாக வந்ததன்று. நின்று குடிக்க மறுத்தோர் வாங்கித் தந்தது. ஆனால், சட்டம் கடைக்குள்தான் செல்லும். வீட்டு விறாந்தைக்குள் வராது. அன்று மாலை வீடு திரும்பி அந்த வாங்கைப் பார்த்தபோது எமக்குள் ஒரு கேள்வி எழுந்தது. அப்பெரியவரின் குடும்பத்தார் மூன்று தலைமுறையாக எம் வீட்டு முற்றத்துக்கு வந்துபோகின்றனர். அவர்களுள் ஒருவரேனும் அதில் இருந்ததுண்டா? நாம் அறிய ஒருவரும் இருந்ததில்லை. இருக்க வேண்டாமென்று நாம் சொன்னதில்லை. இருங்கள் என்று சொன்னதுமில்லை.

மறுவாரம் அவர் வீட்டுக்கு நாமே சென்று, குடும்பத்தோடு எம் இல்லத்துக்கு வந்து உண்ண வேண்டும் என்று அழைத்தோம். அவர் எம்மைத் தம் வீட்டுக் கதிரையில் இருத்தி, பனங்கட்டியோடு தேநீர் தந்தார். அழைப்புக்கு விடையாக, "பாப்பம் தம்பி" என்றார். இன்னும் வரவில்லை. ஏறத்தாழ அறுபது ஆண்டுகளாகக் காத்திருந்தவரிடம், உடனே வருக என்று கேட்க எமக்கு உரிமையில்லை. ஆகவே, அடுத்த வாரமும் சென்று அழைப்போம்.

மாணவரின் கட்டுரை கல்லூரி மலருக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது. கடைகளின் பெயரும் பண்டங்களும் விலையும் அதில் ஒழுங்காக உள்ளன. ஒவ்வொரு கடைக்கும் எதிரே புதிதாக ஒரு நிரலையும் அவர்கள் சேர்த்திருந்தனர். "இங்கு யார் யாருடன் இருந்து உண்டனர்?" என்பது அதன் தலைப்பு. அந்நிரலை எழுதச் சொன்னவர் நாமல்லர். தாமாகவே எழுதினர்.

வாசகர்களே, அடுத்த முறை நீவிர் குடும்பத்தோடு நகருக்குச் சென்று ஒரு கடையிற் பசியாற அமரும்போது, பிள்ளைகளுக்கு அந்நிரலைப் பற்றிச் சொல்லுங்கள். பின்னர் வீடு திரும்பியதும், உங்கள் விறாந்தையிலுள்ள வாங்கையும் ஒருமுறை பாருங்கள்.